பலூனில் ஒட்டிய பொட்டுகள்

இன்று மதிய ரயிலில் ஸ்டெல்லா பையைத் திறந்தபோது ஒரு பலூன் பாக்கெட் கீழே விழுந்தது. மகனின் பிறந்தநாளுக்கு வாங்கியதாம். அந்த ரப்பர் வாசனை வந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. அழவில்லை. அழுதால் உனக்குப் பிடிக்காது.

நீ, நான், ஸ்டெல்லா, குமாரி என்று நம் நால்வருக்கும் நீ ஒரு சட்டம் போட்டிருந்தாய். மீஞ்சூரில் ஏறியதிலிருந்து வீட்டுப் புலம்பல் எல்லாம் புலம்பிக்கொள்ளலாம். பொன்னேரி வந்தால் வாயை மூட வேண்டும். அங்கிருந்து கும்மிடிப்பூண்டி வரை நீ நூலகப் புத்தகத்தைச் சத்தமாகப் படிப்பாய். நாங்கள் குறுக்குக் கேள்வி கேட்போம். கம்பெனி பேக்கிங் செக்‌ஷனில் நிற்கப்போகிற பெண்களுக்கு எதற்கு அண்டவெளி என்று பெட்டியே சிரித்தது. நீ சட்டை செய்யவில்லை.

பிரபஞ்சம் விரிகிறது என்று காட்ட ஒருநாள் பலூனில் பேனாவால் புள்ளிகள் வைத்து ஊதினாய். புள்ளிகளும் சேர்ந்து பெருத்தன. குமாரி விடுவாளா?

"இன்னாடி இது, புள்ளியும் பெருசாவுது. அப்ப நம்ம கேலக்ஸியும் ஊதிக்கினே போவுதா? அதான் நானும் குண்டாயிட்டனா?"

உன் முகம் சுண்டிப்போனது. மறுநாள் வேறு பலூனோடும் ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டோடும் வந்தாய். பொட்டுகளை ஒட்டி ஊதினாய். இடைவெளிதான் கூடியது, பொட்டு அதே அளவில் இருந்தது. ஒன்று மட்டும் உரிந்து குமாரியின் சாப்பாட்டு டப்பாவில் விழுந்தது.

"நேத்து தப்பா காட்டிட்டேன். நடுவுல கீற எடம்தான் விரியுது. கேலக்ஸி உள்ள நட்சத்திரம்லாம் ஒண்ண ஒண்ணு இழுத்துப் புடிச்சிக்கினு கீது, அது பெருக்காது" என்றாய்.

"பக்கத்து கேலக்ஸி?" என்றாள் ஸ்டெல்லா.

"ஆண்ட்ரோமெடா நம்ம பக்கமாத்தான் வருது. கிட்ட இருந்தா இழுப்பு ஜெயிக்கும். ரொம்ப எட்டப் பூட்டா விரிவு ஜெயிக்கும்."

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு புத்தகம் நின்றது. குமாரி வேறு பெட்டியில் ஏற ஆரம்பித்தாள். ஸ்டெல்லா காதில் ஒயரை மாட்டிக்கொண்டாள். போன மாதம் சூப்பர்வைசர் மூன்று பேரையும் மூன்று ஷிஃப்டுக்குப் பிரித்துத் தாள் நீட்டினார். அப்படிப் பிரிந்தால் அதோடு முடிந்தது என்று எனக்குத் தெரியும். நீ சொன்ன இழுப்பும் விரிவும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தன. நான் கையெழுத்துப் போடவில்லை.

"எந்த ஷிஃப்ட் வேணா போடுங்க சார். மூணு பேருக்கும் ஒண்ணாப் போடுங்க" என்றேன்.

முறைத்தார். நாலு நாள் அலைக்கழித்தார். கடைசியில் யாருமே விரும்பாத செகண்ட் ஷிஃப்டில் மூவரையும் போட்டார். குமாரி என்னைத் திட்டினாள், ஆனாலும் என் பெட்டிக்கே வந்து ஏறினாள்.

இப்போது நான்தான் படிக்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன்; நீ ஒரு நாளில் முடிக்கும் பக்கம் எனக்கு மூன்று நாள் ஆகிறது. நிறுத்தமாட்டேன்.

இன்று குமாரி கேட்டாள், "ரொம்ப எட்டப் போன கேலக்ஸி திரும்பி வருமா?"

புத்தகத்தில் தேடினேன். வராது, ஒரு காலத்துக்குப் பிறகு அது விடும் வெளிச்சம்கூட நம்மை எட்டாது என்று போட்டிருந்தது. அவள் கேட்டபோதே மூவரும் உன்னைத்தான் நினைத்தோம். ஆனாலும் அந்த வரியை விடாமல், சத்தமாகவே படித்தேன்.