இடது கன்னம்

மாசி, ஞாயிறு இரவு.

கண்டிக் கடைகளில் வாங்கும் ஒப்பனைப் பொருட்களை நாங்களே பூசிக் காட்டும் இணையக் குழு ஒன்றில் இருக்கிறேன். போன வாரம் என் காணொளியைப் போட்டேன். படிப்பித்த பழக்கம் விடுமா? முதலில் பிழையைக் காட்டினேன்: இடது கன்னத்தில் என் நிறத்துக்குப் பொருந்தாத வெளிறிய ஃபவுண்டேஷன். பிறகுதான் வலது கன்னத்தில் சரியானது.

குழுவில் இருக்கும் நாவலப்பிட்டி செல்வி முதல் பாதியை மட்டும் பார்த்துவிட்டு, இன்று தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு அப்படியே பூசிக்கொண்டு போயிருக்கிறாள். மத்தியானம் அழைத்தாள்.

"டீச்சர், 'ரொட்டி மாவுல விழுந்துட்டியாடி'ன்னு மாமியார் எல்லாருக்கும் முன்னால கேட்டுட்டாங்க."

"மிச்சத்தைப் பார்க்கலையாம்மா?"

"டேட்டா முடிஞ்சிருச்சு டீச்சர்."

கூச்சக்காரப் பெண். இனி ஒப்பனைப் பக்கமே வரமாட்டாளோ என்று பயந்தேன். காணொளியை நீக்கிவிடலாம் என்று பின்னேரம் குழுவைத் திறந்தால், அங்கே செல்வியே பேசிக்கொண்டிருக்கிறாள், அதே வெள்ளை முகத்தோடு! டேட்டா போட்டு மிச்சத்தையும் பார்த்திருக்கிறாள்.

"இது டீச்சரோட இடது கன்னம். நான் ரெண்டு பக்கமும் பூசிட்டேன்" என்று சிரித்தாள். பிறகு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, தன் நிறத்துக்கு ஏற்றதை நிதானமாகப் பூசிக் காட்டினாள். என்னுடையதைவிடத் தெளிவான பாடம்.

என் காணொளியை நீக்கவில்லை. தொடக்கத்திலேயே 'இது பிழை' என்று பெரிய எழுத்தில் போட்டேன்.

சற்று முன் அவளிடமிருந்து செய்தி: "மாமியார் தனக்கு எந்தக் கலர் சரியா வரும்னு கேக்குறாங்க டீச்சர். மொதல்ல என் வீடியோவ முழுசா பாருங்கன்னுட்டேன்."