பட்டை இடிக்கிறவர்களின் பெண்கள்

ஆம்பூர், 1931 ஜனவரி 10, சனி

உடம்பெல்லாம் பற்றி எரிகிறது. தோல் பதனிடும் ஷாப்புத் தொழிலாளிகளின் பிள்ளைகளான என் வகுப்புப் பெண்களை மலையடிவாரத்துச் சர்க்கார் செடித் தோட்டத்துக்கு வண்டி கட்டி அழைத்துப்போனேன். அழிந்துபோகிற மரங்களை அங்கே வளர்த்துக் காப்பாற்றுகிறார்கள், சீமைச் செடிகளை ஆராய்கிறார்கள். கண்ணால் பார்க்கட்டும் என்று ஆசை. சூப்பிரண்டு வாசலிலேயே மறித்தார். "தோல் ஷாப்புப் பசங்களா? நாத்தம் தாங்காதும்மா. நீ வேணா உள்ள வா."

நான் மட்டும் போய்? அவர் முகத்தைப் பார்க்கவா?

விடியற்காலையில் எழுப்பி, சீயக்காய் தேய்த்து, பவுடர் பூசி அழைத்துப்போனேனே — அதை நினைத்தால்தான் ஆத்திரம் ஜாஸ்தியாகிறது.

ஜனவரி 12

பள்ளி மானேஜர் கூப்பிட்டார். "எதுக்கும்மா வம்பு? இங்கயே ரெண்டு பூந்தொட்டி வச்சுக் காட்டேன்."

"நீங்களே வச்சுப் பாருங்கய்யா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 17, சனி

மறுபடி போனோம். குளிப்பாட்டவில்லை, பவுடரும் இல்லை. வாசலுக்கு எதிரே உட்காரவைத்துத் தொண்டை கிழியப் பாடம் நடத்தினேன்.

"இன்னா டீச்சர், என்னைப் பேஜார் பண்றீங்க" என்றார் காவல்காரர் சத்தார் பாய்.

"ரோடு சர்க்காருது பாய். தோட்டமும் சர்க்காருதுதான்."

சிரித்தார். கதவைத் திறக்கவில்லை.

ஜனவரி 20

என் வகுப்புச் சுந்தரியின் அம்மா வள்ளியம்மாள் வந்தாள். ஷாப்பில் தோல் பதனிட மரப்பட்டை இடிக்கிறவள். தோட்டத்துச் சீமை மரப்பட்டை தோலுக்கு ஆகுமா என்று பரீட்சை பார்க்க, சூப்பிரண்டு மூட்டை மூட்டையாக இவர்களிடம்தான் அனுப்புகிறாராம்!

"நாங்க இடிச்சா நாறல, எங்க பொண்ணு நடந்தா நாறுதா? அவரு பட்டைய அவரே இடிச்சுக்கட்டும். எவளும் ஒலக்கைய தொட மாட்டோம்."

"வேலை போய்ட்டா?"

"எல்லாரையும் அனுப்பிட்டு, ஷாப்புக்கு தெனம் வேண்டிய ஆவாரம்பட்டைய எவன் இடிப்பான் டீச்சர்?"

எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

ஜனவரி 29

சூப்பிரண்டின் மூட்டைகள் ஷாப்பில் அப்படியே கிடக்கின்றன. ஷாப்பு முதலாளி ஆபித் பாஷா கத்தித் தீர்த்தாராம். ஒருத்தியும் அசையவில்லை.

பிப்ரவரி 4

சூப்பிரண்டின் ஆள் வந்தான். தோட்டம் மூடியிருக்கிற திங்கட்கிழமை வரலாமாம். யாரும் பார்க்காதபோதா? சனிக்கிழமைதான் வருவோம், எல்லாரும் வருகிறபோது வருவோம் என்று சொல்லியனுப்பினேன். என் வேலை போனால் போகட்டும்.

பிப்ரவரி 7, சனி

பட்டை இடிபடாமல் பரீட்சை நின்றுபோக, சூப்பிரண்டு இறங்கிவந்தார்; உள்ளே போனோம். பெண்கள், அம்மாக்கள், எல்லாரும். சூப்பிரண்டு முன்னால் நடந்து மரங்களின் பேர் சொன்னார். இரண்டு சீமான்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள், நகரட்டும்.

சுந்தரி சுற்றும் முற்றும் பார்த்தாள். "வெறும் மரந்தானே டீச்சர்? இதுக்கா இம்மாஞ் சண்டை?"

"ஆமாண்டி, இதுக்குத்தான்."

"அப்போ பொறுமையா பாக்கலாம். இன்னா அவசரம்?" என்று புல்லில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.