அழைப்பிதழில் உங்கள் பெயர்

உங்களுக்கு,

"கொதா போலுன், மாஷிமா" என்று வங்காளி நர்ஸ் தினமும் என்னை உங்களிடம் பேசச் சொல்கிறாள். மெஷின் உங்களுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரர்கள் முன்னால் எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பாலிகஞ்சில், நம் வீட்டுப் பக்கம், மழை விட்டுவிட்டது. துணி காய்கிறது.

மதியம் சங்கச் செயலாளர் பெத்துராஜ் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அடுத்த மாதம் எழுத்தாளர் மாநாடு. அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்க வேண்டுமாம். போனில் அதன் மாதிரி ஒன்றைக் காட்டினார். வழக்கம்போலக் கவியரங்கத் தலைமை நீங்கள்தான். இன்னொரு மாதிரியும் இருந்தது; அதை அவர் காட்டவில்லை. நானே விரலால் தள்ளிப் பார்த்தேன். ஒவ்வொரு மாநாட்டிலும் அந்த வருடம் இறந்துபோன உறுப்பினர் பெயரை மண்டபத்துக்கு வைப்பீர்களே, அந்த இடத்தில் உங்கள் பெயர் இருந்தது. நினைவரங்கம்.

"மன்னிச்சிருங்க மதினி. அச்சாபீஸ்ல இன்னைக்கே கேக்காங்க. அண்ணாச்சி எந்திரிச்சி வந்துருவாகன்னுதான் நான் சொன்னேன்" என்றார். அவருக்குக் கண் கலங்கியது. எனக்கு ஒன்றும் வரவில்லை.

டீ வாங்கிக் கொடுத்தார். ஆறும் வரை கையில் வைத்திருந்தேன். பிறகு போனை வாங்கி மறுபடி பார்த்தேன். இரண்டாவது மாதிரியில் உங்கள் இனிஷியல் விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்த்து அச்சடிக்கச் சொல்லிவிட்டேன். கவியரங்கத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள்.

மெஷினை எடுத்துவிடலாமா என்று டாக்டர் சில நாளாகவே கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு நாளைக் காலையில் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

நான்தான்.