இடது இறக்கை

திண்டுக்கல்,
8-12-1966

அன்புள்ள சிவனம்மாளுக்கு,

நான் சுகம். தொப்பம்பட்டியில் நீயும் உன் அண்ணன் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ பாதியில் கிழித்துப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக, எழுதப் போவதை முதலிலேயே வரிசைப்படுத்துகிறேன்.

1. கப்பலின் இப்போதைய நிலை.
2. அகல் உருக்கும், மின்விளக்கு எதையும் உருக்காது என்பது.
3. வீட்டு நிலவரம்.
4. நீ திரும்பி வர வேண்டிய அவசியம்.

நம் பிள்ளை சுருளிவேல் ஜப்பான் துறைமுகத்தில் வாங்கி அனுப்பிய பிளாஸ்டிக் விண்கப்பலுக்குக் கார்த்திகையன்று அடியில் அகல் ஏற்றி வைத்தாய். இடது இறக்கை வாடிய வாழையிலைபோலத் தொங்கிவிட்டது. வெந்நீரில் முக்கி நிமிர்த்தப் பார்த்தேன், முறுக்கிக்கொண்டது. அவன் பொங்கலுக்கு வருவதற்குள் அதில் விளக்கு எரிய வேண்டுமென்று கார்த்திகைக்கு முன்பே இரண்டு மாதமாகக் கம்பி இழுத்திருந்தேன். "உங்க பல்பு எரியுறதுக்குள்ள அடுத்த கார்த்திகையே வந்துரும்" என்றாய். எந்தக் கம்பியை எதில் சேர்ப்பது என்று யோசிக்காமல் சேர்க்க முடியுமா? யோசித்தது கொஞ்சம் அதிகமோ என்று எனக்கே சந்தேகம்தான்.

அகல் நெருப்பு. பிளாஸ்டிக்கோ மெழுகுக்குத் தம்பி. மின்விளக்கு கண்ணாடிக்குள் அடங்கியது. யாருக்கும் கெடுதல் செய்யாது. மோட்டார் சைக்கிள் பட்டறை சூசைராஜிடம் ஆறு வோல்ட் பாட்டரியும் ஒரு பின்விளக்கு பல்பும் கேட்டு வாங்கி வந்தேன். இடப்பக்கத் துளை உருகி அடைத்துவிட்டதால் பல்பை வலப்பக்கமாகச் செருகினேன். இதோ, மேசையில் எரிகிறது. சாட்சிக்காக அணைக்காமலே எழுதுகிறேன்.

வீட்டில் சோறு தினமும் குழைகிறது. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கடையில்தான். பக்கத்து வீட்டு ஜக்கம்மாள் எட்டிப் பார்த்து, "ஏங்கய்யா, ராக்கெட்டு சிறுமலையத் தாண்டுமா, இல்ல பேகம்பூர்லயே விழுந்துருமா?" என்கிறாள். போகும்போது, "அக்கா எப்ப வாராக?" என்றும் கேட்கிறாள். நாளைக்கு என்கிறேன். தினமும் அதையேதான் சொல்கிறேன்.

பிள்ளை வரும்போது நீ இல்லாவிட்டால் அவனிடம் என்ன சொல்வேன்? ஜக்கம்மாள் முன்னால் "உனக்கு அறிவிருக்கா" என்று கத்தியது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மாத வேலை, சிவனம்மா! "பிள்ள அனுப்புனது, நல்ல நாளும் அதுவுமா இருட்டாக் கெடக்கலாமா?" என்று நீ கேட்டாய். அதற்கு என் பதில்...

ஏதோ கருகும் வாடை. பார்த்துவிட்டு வருகிறேன்.

பாட்டரியைக் கழற்றிவிட்டேன். வலது இறக்கையும் தொங்கிவிட்டது. பல்பைத் தொட்ட விரல் கொப்பளித்திருக்கிறது.

இரண்டாவதாக நான் எழுதியது தவறு. அதை அடித்துத் திருத்தவில்லை. உன் அண்ணன் வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படி. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து பஸ் நிலையத்தில் நிற்பேன்.

உன்,
உடையப்பன்