சிறுத்தைத் தோலுக்குள் இருந்தவன்

ஞாயிற்றுக்கிழமை, இரவு.

நாங்கள் சந்துக்காரர்கள் சேர்ந்து எடுத்த சிறுத்தைப் பேய்ப்படத்தை இன்று ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்திலேயே திரை கட்டிப் போட்டார்கள். சிறுத்தை நான். அது கடித்துக் கொல்லும் வாட்ச்மேனாக நடித்தவன் பெயின்டர் செல்வம். திருவிழாவில் வருஷா வருஷம் புலி வேஷம் போடுகிறவன் என்பதால் என்னைப் பிடித்தார்கள். பழைய கம்பளியில் புள்ளி வரைந்து, என்னை உள்ளே விட்டுத் தைத்தே மூடிவிட்டார்கள். ராத்திரி சீனைப் பகலில் எடுத்ததால், கொளுத்தும் வெயிலில் முட்டி தேய நாலு காலில் ஓடினேன். செல்வம் என்ன செய்தான்? கழுத்தைக் கொடுத்துவிட்டு "அம்மா" என்று விழுந்தான்.

அதற்குச் சந்தே அழுதது. என் மனைவி கலாவும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். படம் முடிந்ததும் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். டீக்கடைக்காரர் என்னிடம், "நீ எந்த சீன்லப்பா வர்றே?" என்றார்.

வீட்டுக்கு வந்து கலாவிடம் கேட்டேன். "அந்தச் சிறுத்தை நான்தான், தெரியும்ல?"

"தெரியாம என்னா? அதுக்குன்னு அந்தாள அப்படியா கடிப்பே? பாவம், சும்மா டார்ச் அடிச்சினு நின்னவரு."

சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். உண்மையில் நான் மெதுவாகத்தான் கடித்தேன். அந்தப் படத்தில் நான் செய்த ஒரே தப்பு அதுதான்.