கதவு நிரல், பதினேழாம் சோதனை

நிலவு, தென்துருவ நிலையம். நாள் 212, 06:10

வழக்கமான பதிவு. எழுதுபவர் ரோசலின் பர்னாந்து, கணினிப் பொறியாளர். நிலையத்தில் ஆட்கள் இரண்டு. மற்றவர் இசக்கியப்பன், நிலவியலாளர். வண்டியில் பாறை சேகரிக்கப் போயிருக்கிறார், மதியம் திரும்புவார். காற்றுத் தொட்டி நிறைந்திருக்கிறது. அடுத்த கப்பல் பதினெட்டு நாளில். பூமியோடு பேசும் ஆண்டெனா நேற்று படுத்துவிட்டது. பெரிய கவலை இல்லை.

07:45

கவலை இருக்கிறது. வண்டிக்கூடத்தின் கதவையும் காற்று வால்வுகளையும் இயக்கும் மென்பொருள், தினமும் பூமியைக் கேட்டு உரிமத்தைப் புதுப்பித்துக்கொள்ளுமாம். இன்று கேட்க முடியவில்லை, பூட்டிக்கொண்டுவிட்டது. "விற்பனைப் பிரதிநிதியை அணுகவும்" என்கிறது திரை. நாலு லட்சம் கிலோமீட்டர் நடந்துபோய் அணுகுகிறேன்.

கதவு திறந்து, வண்டி நுழைந்து, கூடத்தில் காற்று நிரம்பினால்தான் இசக்கி உள்ளே வர முடியும். அவர் வண்டியில் மாலை ஆறு வரைதான் காற்று.

இதே வால்வுகளுக்கு யாரோ புண்ணியவான்கள் எழுதிய, உரிமம் எதுவும் கேட்காத திறமூல நிரல் ஒன்று சேமிப்பகத்தில் இருக்கிறது. அதற்கு லினக்ஸ் இயங்குதளம் வேண்டும். என் கணினிக்குள் ஒரு மெய்நிகர் இயந்திரம், அதாவது மென்பொருளாலேயே ஆன இன்னொரு கணினி, உருவாக்கப் போகிறேன்.

09:20

லினக்ஸ் மூன்றாவது முயற்சியில் ஏறியது. மெய்நிகர் இயந்திரத்தை நிலைய நெட்வொர்க்கோடு இணைத்து, நிரலை நகலெடுத்தேன். உடனே ஸ்னாப்ஷாட் எடுத்தேன். இயந்திரத்தின் அப்போதைய நிலையை அப்படியே சேமித்து வைப்பது அது. எதைக் கெடுத்தாலும் அங்கே திரும்பிப் போகலாம். இருபது வருடப் பழக்கம். பிறகு நெட்வொர்க்கைத் துண்டித்தேன். சோதனை வெளியே கசியக் கூடாது.

11:05

ஒரு லைப்ரரி இன்னொன்றைக் கேட்கிறது. அது, நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் புதிதாக வேண்டும் என்கிறது. கம்பைலர் முதல் லைப்ரரியைக் கேட்கிறது. இணையம் இல்லாமல் எங்கே போவேன்? "நிறுவுவது மிக எளிது" என்று ஆவணத்தில் போட்டிருக்கிறான். எழுதியவன் கையில் கிடைத்தால் கடித்துத் துப்புவேன். எல்லாவற்றையும் குழப்பிவிட்டேன். ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பி, முதலிலிருந்து.

12:30

கம்பைல் ஆகிவிட்டது. அழுகை வந்தது, அழுதேன்.

இசக்கி கதவு முன்னால் வந்து நிற்கிறார். பேட்டரியை மிச்சப்படுத்த நாலு மணிக்கொரு தரம்தான் ரேடியோ போடுவாராம். இப்போது ஒத்திகை: கூடத்தை நிரப்பு, காற்றை வெளியேற்று, கதவைத் திற. எல்லாம் மெய்நிகர் இயந்திரத்துக்குள், பொய்யான வால்வுகளோடு.

16:25

பதினாறு முறை வெளியேற்றத்தோடு நின்றது, கதவுக்குப் போகவில்லை. ஒவ்வொரு முறையும் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பி, திருத்திப் போட்டு, மறுபடி ஓட்டினேன். பதினேழாவதில் வெளியேற்றம் முடிந்து கதவுக்கான கட்டளைக்கும் போனது. அங்கே நிறுத்தினேன். இனி உண்மையாக ஓட்ட வேண்டியதுதான். முதுகு போய்விட்டது.

16:30 இசக்கியிடமிருந்து

"அக்கா, கூடத்துக் குழாயில இருந்து புகை மாதிரி காத்து அடிச்சிக்கிட்டே இருக்கு. பொழுது போவலன்னு எண்ணிக்கிட்டு இருந்தேன், பதினேழு தடவ. நீங்க வேலைய முடிச்சிட்டியன்னு தெரிஞ்சி போச்சி."

16:50

தொட்டி அறைக்கு ஓடி முள்ளைப் பார்த்தேன். முதலில் நம்பவில்லை, தட்டிப் பார்த்தேன்.

ஸ்னாப்ஷாட்டை நெட்வொர்க் இணைந்திருந்தபோது எடுத்திருக்கிறேன். அதனால் திரும்பிப் போன ஒவ்வொரு முறையும் இணைப்பும் திரும்பி வந்திருக்கிறது. நான் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. நிரல் உண்மையான வால்வுகளைக் கண்டுபிடித்து, பதினேழு கூடம் நிறைய எங்கள் காற்றை வெளியே கொட்டியிருக்கிறது.

அவரை உள்ளே விட ஒரு கூடம் காற்று செலவாகும். அதற்குப் பிறகு இருப்பது இரண்டு பேருக்கு எட்டு நாள். கதவைத் திறக்காவிட்டால் எனக்கு மட்டும் இருபது நாள். கப்பல் வர பதினெட்டு.

17:25

நிரல் தயார். ஒரு விசை தட்டினால் போதும். அரை மணி நேரமாகத் தட்டவில்லை. அவர் ரேடியோவை அணைக்காமல் காத்திருக்கிறார். இன்னும் கம்பைல் ஆகிறது என்று பொய் சொன்னேன்.

"அவசரமில்லக்கா. மெதுவாப் பாருங்க. நான் எங்க போயிரப் போறேன்."

என்னைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

17:48

தட்டிவிட்டேன். கதவு திறந்தது. கூடம் நிரம்புகிறது, முள் இறங்குகிறது.

18:10

உள்ளே வந்துவிட்டார். தலைக்கவசத்தைக் கழற்றியதும் ஆழமாக மூச்சு இழுத்து, வண்டிக்குள் நாற்றம் தாங்கவில்லை, இங்கே காற்று எவ்வளவு நன்றாக இருக்கிறது என்றார். கப்பல் வரும்வரை சும்மாதானே இருப்போம், அந்த லினக்ஸைச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார். சரி என்றேன். காற்றுக் கணக்கை இன்னும் சொல்லவில்லை.