எட்டுக் களத்து நெல்

மாகறல்
12-2-1958

அன்பு மகன் ஐசக்குக்கு அம்மா ஜெயம்மாள் எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே எல்லாரும் சுகம், கோலாரில் நீயும் சுகமாயிருக்க தினமும் முழங்காலில் நிற்கிறேன். முதலில் உன் தம்பி பிள்ளைகள் சேதி. மலர்க்கொடி எட்டாவது அரைப் பரீட்சையில் கணக்கில் முதலாவது வந்தாள், பையன்களுக்கெல்லாம் மேலே. சின்னராசு கிறிஸ்துமசுக்கு இருபத்துமூன்றாம் சங்கீதத்தை ஓரிடமும் தடுக்காமல் சொல்லி பாதிரியார் கையால் பென்சில் வாங்கினான். கைக்குழந்தை நடக்கிறது, வாசல்படி கூடத் தாண்டுகிறது.

இனி கழனிச் சேதி, எழுதக் கை வரவில்லை. நீ சுரங்கத்தில் இறங்கி அனுப்பிய பணத்தில் வாங்கிய ஒரு ஏக்கர், நம் வம்சத்துக்கே முதல் நிலம். உழவுமாடு பிடிக்கக் கறவையை விற்றோம், கலப்பைக்குத் தம்பி பெண்சாதி கம்மலைக் கழற்றினாள், உன் தம்பி சின்னப்பையன், பண்ணையார் வேதாசலம் வீட்டுப் பண்ணை வேலையை விட்டு வந்தான். விதைநெல் வாங்கலாம் என்று அவன் சொன்னான், நான்தான் விடவில்லை. போன அறுப்பில் எட்டுக் களத்தில் வாங்கிய கூலி நெல்லை, கஞ்சியைத் தண்ணியாக்கிக் குடித்துப் பானையில் சேர்த்து வைத்திருந்தேன். நம் வேர்வை நெல்தான் நம் மண்ணில் முதலில் விழவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். ஐந்து வயதிலிருந்து நாற்று நடுகிறேன், எனக்குத் தெரியாதா என்ற திமிரப்பா. அது எட்டு வீட்டு நெல், எட்டு சாதி. குள்ளங்கார் முற்றி உதிரும்போது சம்பா பால் கட்டி நிற்கிறது. ஒன்றை அறுத்தால் மற்றது பதர், காத்திருந்தால் முற்றினது சேற்றில். வேதாசலம் வரப்பில் நின்று, இன்னா ஜெயம்மா, கழனியில சந்தை கூட்டிக்கினு கீற என்று சிரித்தார். நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். சின்னப்பையன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. வுடும்மா, வெத எப்டி எடுத்து வெக்கறதுன்னு நம்மள அவங்க வூட்டுக்குள்ள வுட்டு யாரு காட்டுனா என்றான். அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

மூன்று மூட்டைதான் கண்டது. மாட்டை விற்றாயிற்று. சின்னப்பையன் அந்தப் பண்ணைக்கே திரும்பப் போய்விட்டான், போன அன்று அவன் சோறு தின்னவில்லை. மலர்க்கொடி பொங்கலிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை, நடவுக்குப் போகிறாள்.

சித்திரையில் வேலையை விட்டுவிட்டு வருகிறேன், இனி வெளிச்சத்தில் உழைக்கிறேன் என்று எழுதியிருந்தாய். படித்துப் படித்து அந்தக் கடிதம் மடிப்பில் கிழிந்துவிட்டது. ஐசக்கு, வராதே அப்பா. ஆறு வருஷமாக வா வா என்று எழுதின கையால் எழுதுகிறேன், வேலையை விட்டுவிடாதே. நிலத்தை விற்க நான் உயிரோடு சம்மதிக்க மாட்டேன். ஒரு ஜோடி மாடு திரும்பப் பிடிக்கிறவரை பொறுத்துக்கொள். இருமலுக்குத் தூதுவளை மறக்காதே. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

வர முடியாதவன் ஒரு புதுப் படமாவது எடுத்துத் தபாலில் அனுப்பு. உட்கார்ந்து எடுக்காதே, முழு உருவம் தெரிய நின்று எடு. எவ்வளவு இளைத்திருக்கிறாய் என்று நான் பார்க்க வேண்டும்.

உன் அம்மா
ஜெயம்மாள்